வராத நோயாளி: மருத்துவராகப் போகிறவருக்கு ஊர் தரும் ஓராண்டு

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1990களின் நடுவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையினரும் லண்டனிலிருந்து வந்த பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தியது. பக்கத்திலேயே இலவசக் கண் முகாம் போட்டிருக்கிறார்கள். ஊரில் பார்வை மங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்பதே கேள்வி. முடிவு 1999இல் வெளியானது. சிகிச்சையால் பயன் பெறக்கூடியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் சொன்ன காரணங்களில் கத்தி வைப்பார்களோ என்ற பயம் இருந்தது, செலவு இருந்தது, வீட்டில் ஆள் இல்லாத கஷ்டம் இருந்தது. இருக்கிற பார்வையே போதும், இந்த வயதுக்கு மேல் என்னத்துக்கு என்ற எண்ணமும் இருந்தது.

மருத்துவக் கல்வியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஏழுதான். மருத்துவமனையில் படிக்கும் மாணவர் பார்ப்பது வந்து சேர்ந்தவர்களை மட்டும். வராத தொண்ணூற்று மூன்று பேர் எந்த வார்டிலும் கிடையாது, எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்குள் போக வேண்டும். மருத்துவராகப் போகிறவரை ஓராண்டு சமூகப் பணிக்கு அனுப்ப வேண்டும் என்ற வாதத்தின் அடிப்படை நியாயம் இது. அனுப்பினால் அவர் மாறுகிறாரா, எப்போது மாறுகிறார், எப்போது மாறாமல் திரும்புகிறார் என்பது அவ்வளவு எளிதாக முடிந்துவிடுகிற விஷயமல்ல.

முதலில் நம் ஊர் ஏற்பாட்டைப் பார்த்துவிடலாம். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பு. அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. அதிகாரப்பூர்வப் பெயர் நீளமானது. வழக்கில் ஹவுஸ் சர்ஜன். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி இந்த ஓராண்டில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரங்கள். கண் மருத்துவத்துக்கு 2 வாரங்கள். அரவிந்த் இருக்கிற ஊரிலும் அதே 2 வாரங்கள்தான். ஆக, நம்மிடம் சமூகப் பணி ஆண்டு என்று ஒன்று உண்மையில் இல்லை. மூன்று மாதம் இருக்கிறது. மீதி ஒன்பது மாதமும் பெரியாஸ்பத்திரியில் கழிகிறது.

அந்த ஒன்பது மாதத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. மதுரையில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்ற பழைய பெயர் மறைந்து ராஜாஜி மருத்துவமனை ஆகிவிட்ட அந்த வளாகத்துக்குத் தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று பல மாவட்டத்து ஏழைகள் வந்து சேர்கிறார்கள். ரத்தம் எடுப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, நடுராத்திரியில் பூச்சிமருந்து குடித்தவருக்கு வயிறு கழுவுவது எல்லாம் ஹவுஸ் சர்ஜன் தலையில்தான். கை பழகுவது அங்கேதான். ஆனால் டிஸ்சார்ஜ் ஆனவர் ஊருக்குப் போய் மாத்திரையைச் சாப்பிட்டாரா, மறுபடி வயலில் இறங்கிவிட்டாரா, செத்தாரா பிழைத்தாரா என்று அந்த வார்டுக்குத் தெரிய வழியில்லை. கட்டிலில் அடுத்த ஆள் படுத்துவிடுகிறார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கதை வேறு. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஒரு நிலையத்தில் உட்கார்ந்தால் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருவார்கள், புதன்கிழமை தடுப்பூசி. ரத்தசோகையுள்ள ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு மாதிரி. மறு மாதம் அவர் அதே ஹீமோகுளோபினோடு திரும்பி வரும்போதுதான் பாடம் தொடங்குகிறது. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியிருப்பார். குமட்டலுக்கு மாமியார் வேறு வைத்தியம் சொல்லியிருப்பார். இதையெல்லாம் அறிந்தவர் மருத்துவ அதிகாரிகூட அல்ல, கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் எந்தப் பெண் மாத்திரைப் பட்டையைப் பரணில் போட்டு வைத்திருக்கிறார் என்பது வரை அவருக்குத் தெரியும். புத்திசாலியான ஹவுஸ் சர்ஜன் அந்த மூன்று மாதமும் அவர் பின்னாலேயே நடப்பார்.

இந்தச் சமவெளிக்கே உரிய ஒரு நோயைச் சொன்னால் இன்னும் விளங்கும். கதிரடிக்கும்போது நெல் உமியோ வைக்கோல் தூசியோ கண்ணில் பட்டுக் கருவிழி கீறுகிறது. கீறலில் கிருமியோ பூஞ்சையோ ஏறிப் புண்ணாகிறது. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு இந்தக் கருவிழிப் புண் வருவதாக 1996இல் வெளியான ஆய்வு கணித்தது. அமெரிக்காவில் காணப்படும் அளவைவிட இது பல மடங்கு அதிகம். 1997இல் வந்த இன்னொரு மதுரை ஆய்வு, ஏறத்தாழ பாதிப் புண்களுக்குப் பூஞ்சையே காரணம் என்று காட்டியது. கண் சிவந்ததும் தாய்ப்பால் விடுகிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து; அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மருத்துவமனைக்கு வந்து சேரும்போது கருவிழி வெளுத்துப் போயிருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்து வைத்தியம் செய்வது ஒரு படிப்பு. கீறலுக்கும் வெளுப்புக்கும் இடையில் வீணான நாட்கள் எங்கே போயின என்று தெரிந்துகொள்வது வேறொரு படிப்பு. அறுப்பு முடியாமல் கூலியை விட்டுவிட்டு வர முடியாது என்பது அந்த இரண்டாம் படிப்பில் முதல் பாடம்.

மருத்துவரின் வாழ்க்கைப் பாதையை இப்படிப்பட்ட அனுபவம் திருப்பிவிடும் என்பதற்கு மதுரையே சாட்சி. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். சிறுவயதில் உறவுப்பெண்கள் மூவர் அடுத்தடுத்துப் பிரசவ காலத்தில் இறந்துபோனதைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று எண்ணியவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, பிறகு ராணுவ மருத்துவப் பணி. அங்கே முடக்குவாதம் தாக்கியது. நீண்ட காலம் படுக்கை. விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு போயிற்று. அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளைப் பழகிக்கொண்டு கண் மருத்துவம் படித்தார். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் துறைக்குத் தலைவராக வந்தார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1976இல், 58 வயதில் ஓய்வு பெற்றபின் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கியதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய ஆண்டுகள். அரசு ஊழியராக இருந்தபோதே 1960களில் கிராமங்களுக்குக் கண் முகாம் கொண்டுபோனார். பள்ளிக்கூடக் கட்டடமே அறுவை அரங்கு. உள்ளூர்க்காரர்கள் சோறு பொங்கிப் போட, பட்டமேற்படிப்பு மாணவர்கள் அங்கேயே தங்கி வேலை செய்தார்கள். அரவிந்தின் முறைகள் என்று இன்று உலகம் படிக்கிற பலவற்றுக்கு விதை அங்கே விழுந்தது. முகாமுக்கு வந்தவர்களைப் பேருந்தில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்து, சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவது, ஏழை கேட்காமலேயே வழிச்செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்களின் யோசனை. ஊர்ப் பெண்களைப் பிளஸ் டூ முடித்ததும் எடுத்துப் பயிற்சி தந்து கண் பரிசோதனையிலும் அறுவை அரங்கிலும் நிறுத்தியதும் அப்படித்தான். நூற்றுக்கு ஏழு என்ற எண் வந்தபோது அந்த நிறுவனம் அதை மூடி மறைக்கவில்லை. முகாம் மட்டும் போதாது என்று ஏற்றுக்கொண்டு 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரமான பார்வை மையங்களைத் திறந்தது. வராதவரைத் தேடுவது அங்கே பழக்கமாகிவிட்டிருந்தது.

ஆனால் இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. வெங்கடசாமியை யாரும் ஓராண்டு சேவைக்கு அனுப்பவில்லை. அவரை உருவாக்கியது ஊர்ப்பிறப்பு, நோய், வீட்டு இழவுகள், பிறகு இருபதாண்டு அரசு வேலை. ஓர் உத்தரவால் இன்னொரு வெங்கடசாமி வந்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

டாக்டர் சௌந்திரம் கதையும் அப்படியே. டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதில் மணமுடித்த கணவர் சௌந்தரராஜன் மதுரையில் மருத்துவர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, அதே பிளேக்கில் இறந்தார். கைம்பெண்ணான சௌந்திரம் டில்லி லேடி ஹார்டிங்கே கல்லூரியில் சேர்ந்து 1936இல் மருத்துவரானார். அங்கே உடன் இருந்தவர் சுசீலா நய்யார்; அவர் வழியாகக் காந்தியடிகளின் அறிமுகம். 1947இல் சின்னாளபட்டி அருகே, மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், இரண்டாவது கணவர் ஜி. ராமச்சந்திரனோடு காந்திகிராமத்தைத் தொடங்கினார். மிகச் சிறிய சிகிச்சையகமாக ஆரம்பித்தது அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனை. சுசீலா நய்யார் 1969இல் சேவாகிராமத்தில் மருத்துவக் கல்லூரி அமைத்தார். அங்கே முதலாண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தில் முகாமிட்டு, குடும்பங்களை ஏற்று, படிப்பு முழுவதும் அவற்றைப் பார்த்துவருகிறார்கள். தங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த அனுபவத்தைப் பிறருக்குத் திட்டமிட்டுத் தர முடியுமா என்று அந்தத் தலைமுறை முயன்று பார்த்தது.

காந்திகிராமத்தோடு தொடர்புள்ள இன்னொரு வரலாறு நம் கேள்விக்கு நேரடியாகவே பொருந்துகிறது. ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி ஆலப்புழையில் படித்துவிட்டு காந்திகிராம மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்காக மக்கள் வெகுதூரம் நடந்து வருவதைக் கண்டு, வேலையை விட்டுவிட்டு ஓராண்டு இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். ஊர்மக்களோடு சேர்ந்து பணிசெய்யும் இடங்களைப் பார்த்தார்கள். அதன்பின் 1993இல் தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் ஒரு குடிசையில் மருத்துவமனை போட்டு, அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது யாரும் விதிக்காத ஓராண்டு. பார்க்க வேண்டிய வயதில், கேள்வியோடு போய்ப் பார்த்த ஓராண்டு.

கட்டாயப்படுத்தினால் இதே பலன் கிடைக்குமா? உலகம் இதை நிறையவே சோதித்திருக்கிறது. மெக்சிகோவில் மருத்துவ மாணவர் ஓராண்டு சமூகப் பணி செய்யும் ஏற்பாடு 1936இல் தொடங்கியது. தென்னாப்பிரிக்கா 1998 முதல் மருத்துவர்களுக்கு ஓராண்டைக் கட்டாயமாக்கியது. ஏதோ ஒரு வகையில் இப்படிக் கட்டாயம் வைத்திருக்கும் நாடுகள் எழுபது அளவில் இருக்கும் என்று 2010இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை கணக்கிட்டது. தென்னாப்பிரிக்க அனுபவத்திலிருந்து இரண்டு செய்திகள் எடுத்துக்கொள்ளத்தக்கவை: தொழிலில் வளர்ந்தோம் என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள், பக்கத்தில் கேட்டுச் செய்ய ஒரு மூத்தவர் இல்லாத இடங்களில் அந்த வளர்ச்சி கசப்பாக முடிந்தது. கட்டாயம் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தங்க வைப்பது அதன் கையில் இல்லை. கிராமத்தில் நீடித்துப் பணிபுரிபவர் யார் என்று பல நாடுகளில் பார்த்தபோது திரும்பத் திரும்ப வந்த விடை, கிராமத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதுதான். அப்படிப் பார்த்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, எந்த ஓராண்டுச் சேவையைவிடவும் கிராமத்துக்கு அதிக மருத்துவர்களைத் தரக்கூடும். இதைச் சமூகநீதி என்ற கோணத்தில் மட்டும் பேசிவிட்டு, சுகாதாரக் கொள்கை என்ற கோணத்தில் பேசாமல் விட்டுவிட்டோம்.

நம் நாட்டிலும் இது பழைய பேச்சுதான். 1946இல் போர் (Bhore) கமிட்டி, சமூகத்தை அறிந்த மருத்துவர் வேண்டும் என்றது. 1977இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களை ஏற்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது; வண்டிகள் வந்தன, மனம் வரவில்லை. 2007இல் மத்திய அமைச்சர் அன்புமணி ராமதாஸ் ஓராண்டு கிராமப் பணியைச் சேர்த்துப் படிப்பை ஆறரை ஆண்டாக்க முயன்றபோது தமிழகக் கல்லூரிகள் கொதித்தன. மாணவர்களின் போராட்டத்தைச் சுயநலம் என்று அன்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல், ஆண்டுக்கொரு முறை மாறும் மாணவர்களைக் குறைந்த சம்பளத்தில் வைத்து கிராமத்தை ஓட்டிவிடப் பார்க்கிறது அரசு என்ற அவர்களுடைய சந்தேகத்தில் நியாயம் இருந்தது. திட்டம் கைவிடப்பட்டது. கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

இன்று அந்த ஓராண்டைத் தின்பது வேறொன்று: நீட் பி.ஜி. பயிற்சி முடிந்ததும் பட்டமேற்படிப்புத் தேர்வு எழுத வேண்டும். அதில் பல்லாயிரம் பேர் போட்டி. ஹவுஸ் சர்ஜன் கையில் கைபேசி, காதில் ஆன்லைன் வகுப்பு. சமூக மருத்துவப் போஸ்டிங் என்றால் படிக்க நேரம் கிடைக்கும் போஸ்டிங் என்று அர்த்தம் ஆகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், ஆள் விடுதியில் இருப்பார். மாணவரைத் திட்டிப் பயனில்லை. கர்ப்பிணி மாத்திரை சாப்பிட்டாளா என்று தேடிப் போனவருக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. போகாதவருக்குத் தரவரிசை கிடைக்கிறது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் உள் ஒதுக்கீடு தரும் மாநில உரிமையை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் உறுதிசெய்தது. தமிழ்நாட்டின் கிராமப்புற நிலையங்களில் இளம் மருத்துவர்கள் தங்குவதற்கு இந்த ஒதுக்கீடு ஒரு பெரிய காரணம். சேவை மனப்பான்மை என்று அதை அழைக்க முடியாதுதான். ஆனால் ஆதாயத்துக்காகப் போன இடத்தில் மனம் மாறியவர்களும் இருக்கிறார்கள்.

கல்லூரியில் சேரும் முன்பே ஒரு காலம் இருக்கிறது; அதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் பட்டப்படிப்புக்குப் பின் ஓராண்டு எங்காவது சேவை செய்துவிட்டுப் போவது பலருக்கு வழக்கம். அப்படி வெளிநாட்டு இளைஞர்கள் அண்ணாநகரில் அரவிந்த் வளாகத்தில் தன்னார்வலர்களாக நடமாடுவதை மதுரைக்காரர்கள் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கும் மருத்துவப் படிப்புக்கு முன் ஓராண்டு கிடைக்கிறது. 2017க்குப் பிறகு அது நீட் ரிப்பீட்டர் ஆண்டு. பூட்டிய விடுதி, மாதிரித் தேர்வு, மறுபடி மாதிரித் தேர்வு. ஒரு நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மருத்துவராவதற்கான தகுதி அங்கே முடிவாகிறது. வெளிநாட்டு முறையை அப்படியே புகழவும் நான் தயாரில்லை. விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ள ஏழை நாட்டுக்கு வந்துபோகிறவர்களும் உண்டு. பயிற்சி இல்லாத கைகளுக்கு நோயாளியைத் தொடும் வேலையைக் கொடுப்பது தவறு. கணக்கெடுப்பு, வழிகாட்டல், தொடர்ந்து விசாரித்தல் ஆகியவை போதும். அதில்தான் வராதவரைப் பற்றிய அறிவும் கிடைக்கிறது.

இவ்வளவு பேச்சிலும் ஊர்க்காரரின் குரல் எங்கும் இல்லை. மாணவருக்கு இது உருவாகும் ஆண்டு. நோயாளிக்கு? மூன்று மாதத்துக்கொரு முறை புதுமுகம். போன முறை வந்த டாக்டரம்மா நன்றாக விசாரித்தாள், இந்தத் தம்பிக்குப் பேசவே நேரமில்லை என்று திண்ணையில் பேசிக்கொள்வார்கள். சர்க்கரை நோய்க்காரருக்கும் ரத்தக்கொதிப்புக்காரருக்கும் வேண்டியது தொடர்ச்சி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அவர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது என்றால், அந்தத் தொடர்ச்சியைத் தருவது பெண் தன்னார்வலர்களும் செவிலியர்களும்தான், பயிற்சி மருத்துவர் அல்ல. மாணவர் கற்றுக்கொள்ள ஊர் கொடுக்கும் விலை இது. அதற்கு ஈடாக ஊர் ஏதாவது பெற வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டைக் கட்டாயமாக நீட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே நோயாளியை மறுபடி மறுபடி பார்க்க வாய்ப்பிருந்தால் 12 வாரமும் ஆளை மாற்றும். அந்த வாய்ப்பு இல்லையென்றால் 12 மாதமும் விடுமுறைபோலக் கழியும். வெங்கடசாமிக்கும் சௌந்திரத்துக்கும் நோயும் சாவும் தெரிந்த முகங்களில் வந்தன. ரெஜி தம்பதியும் முகம் தெரிந்த நோயாளிகளிடமிருந்துதான் கிளம்பினார்கள். கல்லூரி செய்யக்கூடியது அந்த முகங்களை மாணவருக்குத் தருவது.

அதற்கு வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலாண்டு மாணவருக்கே ஒரு கிராமத்தில் சில குடும்பங்கள் ஒப்படைக்கப்படுகின்றன. அப்படித் தொடங்கிய முதல் அணியினர் ஹவுஸ் சர்ஜன் கட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய 12 வாரப் பணியை வேறெங்கோ போடாமல், முதலாண்டில் கதவைத் தட்டிய அதே கிராமத்தின் சுகாதார நிலையத்தில் போடலாம். அன்று கைக்குழந்தையாக இருந்தது பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும். அன்று சர்க்கரை என்று தெரிந்தவர் மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அந்தக் குடும்பங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி மருத்துவ அதிகாரியிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் கொடுத்துவிட்டு வரச் சொல்லலாம். அடுத்து வருகிறவர் அதிலிருந்து தொடங்குவார். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், பணம் வேண்டாம். போஸ்டிங் பட்டியல் போடுவது மருத்துவக் கல்லூரியும் மாவட்டச் சுகாதாரத் துறையும்தான். மதுரை தன் அடுத்த பட்டியலிலேயே இதைச் செய்து பார்க்கட்டும்.